ஏடறியா முதியவரை ஏட்டால் அளப்பதா?

"வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது. இதற்கெல்லாம் வைத்தியமா?"

கந்தர்வக்கோட்டைத் தாலுகாவில் எந்தத் திண்ணையிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. சொல்பவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேட்பவர் தலையாட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பார். ஆனால் தோழர்களே, இந்த ஒரு பேச்சினால் எத்தனை முதியவர்கள் வைத்தியமின்றி, விசாரிப்பாரின்றி, வீட்டின் மூலையில் ஒதுக்கப்படுகிறார்கள் என்பதை நாம் என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா?

யார் அந்த முதியவர்கள்? செம்மண் காட்டில் கடலை பிடுங்கிக் குனிந்த முதுகு நிமிராதவர்கள். முந்திரிக் கொட்டையை வறுத்து, உடைத்து, அதன் தோட்டு எண்ணெயால் விரல் கறுத்துப் போனவர்கள். கிணறு வெட்டியவர்கள், கல் சுமந்தவர்கள், ஊருக்குச் சாலை போட்டவர்கள். அவர்கள் உடம்பில் தெம்பு இருந்தவரை உழைப்பை வாங்கிக்கொண்டது இந்தச் சமுதாயம். நினைவு மங்கும் காலத்தில், "அது அப்படித்தான்" என்று கதவைச் சாத்துகிறது. இது நியாயந்தானா?

மறதி எல்லாம் நோயல்ல. அரிவாளை எங்கே வைத்தோம் என்று தேடுவது, பழகிய ஒருவரின் பெயர் நாக்கில் நின்று சற்று நேரம் கழித்து வருவது, இவை வயதோடு வருபவை. ஆனால் நாற்பதாண்டு நடந்த கொல்லைக்குப் போகும் பாதை குழம்பிப் போனால்? சாப்பிட்ட கையோடு "எனக்கு இன்னும் சோறு போடவில்லை" என்று சண்டை வந்தால்? பெற்ற மகளைப் பார்த்து "நீ யாரம்மா?" என்று கேட்டால்? அது வயதின் வேலையல்ல, நோயின் வேலை. மூளையின் நோய். டிமென்ஷியா என்றும் மறதிநோய் என்றும் வைத்தியர்கள் அழைப்பது இதைத்தான். ஜெர்மானிய டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஒரு நோயாளியின் மூளையை ஆராய்ந்து, அதில் படிந்திருந்த கசடுகளையும் முறுக்கிக்கொண்ட இழைகளையும் உலகுக்கு எடுத்துச் சொன்னார். நூற்றிருபது ஆண்டு ஆகிறது! அந்தச் செய்தி இன்னும் நம் ஊர்த் திண்ணைக்கு வந்து சேரவில்லை.

ஆயிரத்துக்கு எழுபத்து நான்கு

"இதெல்லாம் சீமை நாட்டு நோய், கூட்டுக் குடும்பத்தில் வாழும் நமக்கு ஏது?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்குக் கணக்கே பதில் சொல்லட்டும்.

செங்கற்பட்டு வட்டாரத்துத் திருப்போரூரில், 60 வயது கடந்த 750 கிராமத்து மக்களை ஆராய்ந்து, நூற்றுக்கு 3.5 பேருக்கு இந்நோய் இருப்பதாக 1990-களிலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். இந்தியா முழுவதும் மாதிரிக் குடும்பங்களைத் தேர்ந்து, வீடு வீடாகச் சென்று சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. 60 வயது கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், நாடு முழுவதும் சுமார் 88 லட்சம் பேர். ஆணைவிடப் பெண்ணுக்கு அதிகம். நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கு அதிகம். படித்தவரைவிடப் படிக்காதவருக்கு அதிகம்.

கவனியுங்கள் தோழர்களே! பெண், கிராமத்தார், பள்ளிக்கூடம் காணாதவர். யாருக்கு எல்லாம் மறுக்கப்பட்டதோ அவர்கள் தலையிலேயே இந்த நோயும் அதிகமாக விழுகிறது. இதே விகிதம் நம் பகுதிக்கும் பொருந்துமானால், 200 முதியவர் வாழும் ஊரில் பதினைந்து பேர். உங்கள் தெருவில் யார், அடுத்த தெருவில் யார் என்று இப்போதே ஒரு முகம் உங்கள் கண்முன் வருகிறதல்லவா?

முப்பது மதிப்பெண் பரீட்சை

நோய் உண்டா இல்லையா என்று எப்படி அறிவது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

1975-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஒரு பரீட்சை உலகெங்கும் பரவியது. மொத்தம் 30 மதிப்பெண். 24-க்குக் கீழே போனால் சந்தேகம் என்பது பொதுவான வழக்கம். இன்றைக்கு என்ன தேதி, எந்த ஆண்டு, எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். மூன்று பொருளின் பெயரைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். இதுவரை சரி. அடுத்து: நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வா. இதற்கு 5 மதிப்பெண். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய், 1 மதிப்பெண். ஒரு வாக்கியம் எழுது, 1 மதிப்பெண். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரை, 1 மதிப்பெண்.

கூட்டிப் பாருங்கள். பள்ளிக்கூடப் பழக்கம் வேண்டும் கேள்விகளுக்கு மட்டும் 8 மதிப்பெண்! பென்சிலையே பிடித்தறியாத ஒரு பாட்டி, மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும், இந்த எட்டையும் இழந்தால் மிச்சம் 22. பரீட்சையின்படி அவர் நோயாளி! ஊர்ப் பெண்கள் அத்தனை பேரின் கூலிப் பாக்கியையும் மனதிலேயே வைத்திருப்பவர், எந்த ஆட்டுக்குட்டி எந்த ஆட்டுக்குப் பிறந்தது என்று நொடியில் சொல்பவர், ஆடி எப்போது பிறக்கும், அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணித்துச் சொல்பவர், ஆங்கிலத் தேதி தெரியாத காரணத்தால் அறிவு மங்கியவர் ஆகிறார். மாடியே இல்லாத வீட்டில் வாழ்பவரிடம் எந்த மாடி என்று கேட்பது பரீட்சையா, பரிகாசமா?

இதன் மறுபக்கமும் உண்டு. எழுத்தும் கணக்கும் கைவந்த ஒருவருக்கு உண்மையாகவே நோய் தொடங்கியிருக்கும். ஆனால் பழைய படிப்பின் பலத்தால் 27, 28 என்று வாங்கிவிடுவார். பரீட்சை அவரை விட்டுவிடும். ஆக, இல்லாதவருக்கு இருக்கிறது என்கிறது. இருப்பவருக்கு இல்லை என்கிறது. துணிக்கடையில் கோணல் முழக்கோல் இருந்தால் நாம் விடுவோமா? முதியவரின் அறிவை அளக்கும் கோல் மட்டும் கோணலாக இருக்கலாமா?

எழுத்தறியாமை அவர்கள் செய்த குற்றமா? புதுக்கோட்டை ஜில்லா மக்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் நன்றாகத் தெரியும். 1991-இல் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, பகலெல்லாம் வேலை செய்த பெண்கள் இரவில் சிலேட்டைப் பிடித்த மண் இது. எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொண்டு, ஆயிரக்கணக்கில் சாலையில் இறங்கி நாட்டையே திரும்பிப் பார்க்கச் செய்தவர்கள் நம் பெண்கள். அன்று முப்பது வயதில் 'அ' எழுதியவர் இன்று அறுபத்தைந்தைத் தொடுகிறார். அன்றே ஐம்பதைக் கடந்திருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த எழுத்தும் நிலைக்கவில்லை. பள்ளியை மறுத்தது சமுதாயம். அதற்குத் தண்டனை பெறுவது முதியவரா?

வழி கண்டவர்கள் இருக்கிறார்கள்

கோலைக் குறை சொல்லி நிறுத்திக்கொள்வது நம் வேலையல்ல. நேரான கோல் உண்டா? உண்டு. நம் நாட்டிலேயே செய்திருக்கிறார்கள்.

ஹரியானாவில் பல்லப்கர் என்ற ஊர். அங்கே எழுதப் படிக்கத் தெரியாத விவசாய மக்களிடையே வேலை செய்த டாக்டர்கள், அமெரிக்கப் பரீட்சையை அப்படியே மொழிபெயர்த்துத் திணிக்கவில்லை. பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். 1995-இல் அதை வெளியிட்டார்கள். நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொல்வதற்குப் பதில், கிழமைகளைப் பின்னோக்கிச் சொல் என்றார்கள். வாக்கியம் எழுது என்பதற்குப் பதில், உன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல் என்றார்கள். படித்துக் கண்ணை மூடு என்பதற்குப் பதில், என் முகத்தைப் பார், நான் செய்வதைச் செய் என்று சொல்லித் தாங்களே கண்ணை மூடிக் காட்டினார்கள். நினைவில் வைக்கச் சொன்ன மூன்று பொருள்கள் மாம்பழம், நாற்காலி, காசு. யாருக்குத் தெரியாது இவை?

அதோடும் நிற்கவில்லை. முதியவரிடம் மட்டுமல்ல, உடன் வாழ்பவரிடமும் கேட்டார்கள். பண்டிகை நாள் நினைவிருக்கிறதா, ஊருக்குள்ளேயே வழி தவறுகிறாரா, எடுத்த வேலையைப் பாதியில் விடுகிறாரா, குடும்ப விஷயத்தில் யோசனை சொல்கிறாரா என்று. கனடாவில் கிரீ பழங்குடி மக்களிடையே உருவான மற்றொரு முறையும் இதே வழியில் நடந்து, ஆப்பிரிக்காவின் நைஜீரியா வரை பயன்பட்டது. முதியவரிடம் பாதி, வீட்டாரிடம் பாதி கேட்டால் உண்மை வெளியே வரும்.

கோல் மாறினால் கணக்கு எப்படி மாறும் என்பதற்கு நம் வேலூரே சாட்சி. உலகில் மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதங்கூட அங்கே நடக்கவில்லை என்று கண்டு, '10/66' என்ற பெயரிலேயே ஓர் ஆய்வுக் குழு 1998-இல் அமைந்தது. நம் கொச்சியில்தான் அதற்கு விதை விழுந்தது. அந்தக் குழு வேலூர்க் கிராமங்களிலும், சென்னையிலும், கியூபா, சீனா போன்ற நாடுகளிலும் 65 வயது கடந்தோரைச் சோதித்தது. 2008-இல் வந்த முடிவு என்ன? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் இலக்கணப்படி அளந்தால், இந்தியக் கிராமத்தில் நூற்றுக்கு 0.3 பேர், ஆயிரத்துக்கு வெறும் மூன்று பேர்! கல்வி வேற்றுமைக்கு இடம்கொடுத்து வகுத்த தங்கள் முறைப்படி அளந்தபோது, சோதித்த எந்த நாட்டிலும் நூற்றுக்கு 5.6-க்குக் குறையவில்லை, 11.7 வரை சென்றது.

ஏன் இந்த வித்தியாசம்? முதல் இலக்கணம், அன்றாட வாழ்க்கை தடைப்பட்டால்தான் நோய் என்கிறது. நம் கிராமத்தில் என்ன நடக்கிறது? தாத்தா தடுமாறத் தொடங்கியதும் கணக்கு வழக்கை மகன் வாங்கிக்கொள்கிறான். அடுப்படியை மருமகள் வாங்கிக்கொள்கிறாள். அவரிடம் யாரும் ஒரு வேலையும் எதிர்பார்ப்பதில்லை. "ஏதாவது சிரமம் உண்டா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, வயசுதான்" என்பார்கள். நோய் இல்லாமல் போகவில்லை. மரியாதை என்ற போர்வைக்குள் மறைந்துகொண்டது. ஏட்டில் மூன்று பேர் என்றிருந்தால், சர்க்கார் மூன்று பேருக்குத்தானே மருந்தும் ஆளும் ஒதுக்கும்? எண்ணப்படாதவனுக்குப் பங்கு ஏது?

கண்டுபிடித்து என்ன பயன்?

"குணமாக்க மருந்து இல்லையாமே, பிறகு எதற்குச் சோதனை?" என்ற கேள்வி நியாயமான கேள்வி. பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, மறதிபோல் தோன்றுவதெல்லாம் தீராத நோயல்ல. தைராய்டு சுரப்பி சோர்ந்தாலும் புத்தி மந்தமாகும். பி12 சத்துக் குறைந்தாலும் ஆகும். மனைவியை இழந்த சோகம் மனச்சோர்வாக முற்றினாலும் நினைவு தளரும். கீழே விழுந்து தலையில் அடிபட்டு, மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் இடையே இரத்தம் கட்டினாலும், சில வாரம் கழித்துத் தடுமாற்றம் வரும். சில தூக்க மாத்திரைகள் செய்யும். நாட்பட்ட குடி செய்யும். இவற்றில் பல வைத்தியத்தால் திரும்பக்கூடியவை. காது மந்தமானவர் கேள்வி காதில் விழாமல் விழிப்பார். கண் புரையால் முகம் தெரியாமல் தயங்குவார். முதலில் காதையும் கண்ணையும் பார்க்காமல் மூளையைக் குறை சொல்வது அறியாமை. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று உளறினால், அது மறதிநோயல்ல, காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ, உடம்பில் உப்புக் குறைவோ, பக்கவாதமோ இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, உண்மையிலேயே மறதிநோய் என்றாலும், தெரிந்துகொள்வதால் வீட்டில் அமைதி வருகிறது. "வேண்டுமென்றே செய்கிறார்" என்று திட்டுவதும், சில இடங்களில் கை ஓங்குவதும், நோய் என்று தெரிந்தபின் நிற்கும். கோவாவில், சாதாரணப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து வீடுகளுக்கு அனுப்பி, கவனிப்பவருக்கு யோசனையும் துணையும் கொடுத்துப் பார்த்தார்கள். கவனிப்பவரின் மனவேதனை குறைந்தது என்று 2008-இல் எழுதினார்கள். அந்தக் கவனிப்பவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண். கூலி வேலையையும் விட்டு, இரவுத் தூக்கத்தையும் விட்டு, பாராட்டும் இல்லாமல் பார்ப்பவர் அவர்தான்.

மூன்றாவது, வருமுன் காக்கலாம். 2024-இல் லான்செட் மருத்துவ ஏட்டின் குழு, வாழ்நாள் முழுவதும் கவனித்தால் உலகில் மறதிநோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வழி உண்டு என்று கணக்கிட்டது. அது சொல்லும் 14 காரணங்களில் கல்விக் குறைவு, காது மந்தம், இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மிதமிஞ்சிய குடி, தலைக்காயம், தனிமை ஆகியவை அடக்கம். பீடியைக் கையில் பிடித்து இதைப் படிக்கும் நாற்பது வயதுத் தோழர் இந்த வரியை மறுபடி ஒருமுறை படிக்கட்டும்!

கைநாட்டும் காணி நிலமும்

இன்னொரு விஷயம். பேசக் கூச்சப்படும் விஷயம். ஆனாலும் பேசித்தான் ஆகவேண்டும்.

நினைவு மங்கிய முதியவரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் தோய்த்துப் பத்திரத்தில் வைக்கும் அநியாயம் ஒன்று. நல்ல தெளிவோடிருக்கும் முதியவரை, "அவருக்குப் புத்தி சரியில்லை" என்று ஊர்முன் சொல்லி, அவர் பேச்சைச் செல்லாததாக்கும் அநியாயம் மற்றொன்று. இரண்டும் நிலத்துக்காக; இரண்டும் பெற்றவருக்கு எதிராக. விளங்கிக்கொள்ளும் நிலையில் இல்லாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. கவனித்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்த எழுத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் முதியவரின் அறிவுத் தெளிவை யார் சொல்வது? எந்தக் கோலால்? நேர்மையான சோதனை ஒன்று பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே நடந்து, அது ஏட்டில் பதிந்திருந்தால், இரண்டு அநியாயத்துக்கும் அது தடை. எழுத்தறியாதவரைத் தவறாகத் தோற்கடிக்கும் சோதனையோ, நிலம் பறிப்பவன் கைக்கு ஆயுதம். அதனால்தான் கோல் நேராக வேண்டும் என்கிறோம்.

நாம் கேட்பது என்ன?

பெரிய மாளிகை கேட்கவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிச் சிகிச்சையை 1978-லேயே தொடங்கிய மாநிலம் இது. கிண்டியில் முதியோருக்கான தேசிய மையம் 2024-இல் திறக்கப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால் முந்திரிக் காட்டுக் கிழவி கிண்டிக்கு எப்படிப் போவாள்? புதுக்கோட்டையில் 2017-இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மறுபக்கம் தஞ்சை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது கந்தர்வக்கோட்டை. ஆகவே நாம் கேட்பது இவைதான்:

ஒன்று: தாலுகா ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 60 கடந்தோருக்கு ஆண்டுக்கொருமுறை நினைவுச் சோதனை. எழுத்தறியாதவருக்கென்று தமிழில், நம் வட்டாரப் பேச்சில், இங்குள்ள முதியவர்களிடமே முன்கூட்டிப் பரிசோதித்துச் சரிபார்த்த கேள்விகள் வேண்டும்.

இரண்டு: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஊழியர்களை வீட்டு வாசலுக்கே அனுப்பிக் காட்டியது. அழுத்தம் பார்க்க வருபவர், வீட்டாரிடம் நினைவு பற்றிப் பத்துக் கேள்வி கேட்க எவ்வளவு நேரமாகும்? கேரளத்தின் திருச்சூரில் சாதாரண ஊர்ப் பணியாளர்கள் சிறு பயிற்சியுடனேயே இத்தகைய முதியவர்களை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். நம் பெண்களால் முடியாதா? அவர்களுக்குப் பயிற்சியும், கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியமும் கொடுக்க வேண்டும்.

மூன்று: சந்தேகம் என்று கண்டால், தைராய்டு, பி12, சர்க்கரைச் சோதனை, காது, கண் சோதனை, தேவையானால் மூளைப் படம், எல்லாம் இலவசமாக. பஸ் ஏறிப் பல தடவை அலையவிடாமல் ஒரே நாளில்.

நான்கு: கண்ட நோயாளியின் குடும்பத்துக்கு உதவி. முதியோர் உதவித்தொகை 2023-இல் 1200 ரூபாயாக உயர்ந்தது. முழுநேரம் ஒருவர் உடனிருக்க வேண்டிய நோய்க்கு அது எம்மூலைக்கு? கவனிப்பவருக்கென்று தனித்தொகை வேண்டும்.

தோழர்களின் கடமை

சர்க்கார் செய்யும்வரை நாம் சும்மா இருப்பதா? வேண்டாம். படிப்பகத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். தேநீர்க் கடையில் விவாதியுங்கள். தெருவில் தடுமாறும் முதியவரைக் கேலி செய்யும் சிறுவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். வழி தவறியவரைக் கைப்பிடித்து வீட்டில் சேருங்கள். மனு எழுதத் தெரிந்த தோழர், உதவித்தொகை நின்றுபோன முதியவருக்காக ஒரு மனு எழுதட்டும். முதியோர் உதவிக்கு 14567, மனநல யோசனைக்கு 14416 என்ற தொலைபேசி எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள். யாராவது ஒரு முதியவரின் கைநாட்டை இரவோடிரவாக வாங்கப் பார்த்தால், அங்கே நாலு பேராய்ப் போய் நில்லுங்கள்!

கூலி உயர்வுக்கும் குடிமனைப் பட்டாவுக்கும் கொடி பிடித்து நடந்த கால்கள், இன்று வாசற்படி தெரியாமல் தடுமாறுகின்றன. தாங்கள் நடத்திய போராட்டத்தின் பெயரைக்கூட அவர்கள் மறந்திருக்கலாம். நாம் மறக்கலாமா?